சொல்லிவிட்டுத் தொடு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் எங்கள் வகுப்பு நடந்தது. நர்சிங் உதவியாளர் பயிற்சி. முடித்தால் சான்றிதழ் கொடுப்பார்கள். வகுப்பில் ஒரு இரும்புக் கட்டில், ஒரு தகர அலமாரி, ஒரு பொம்மை. பொம்மைக்கு ஒரு கை அடிக்கடி கழன்று விழும். இடுப்புக்குக் கீழே வழவழவென்று ஒன்றுமே இருக்காது. அந்தப் பொம்மையை வைத்துத்தான் படுக்கையில் கிடக்கிற மனுஷனைக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்தார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வியாசர்பாடிப் பெண் முதல் நாளே கேட்டுவிட்டாள். "மேடம், இது ஆம்பளயா பொம்பளயா? ஒண்ணுத்தையும் காணோமே."

"பேஷண்ட்" என்றார் டீச்சர். "அவ்ளோதான். எழுதிக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம் முடித்து வந்த பெண்கள். நான் இறால் கம்பெனியில் தோல் உரித்துக்கொண்டிருந்தவள். ஐஸ் தண்ணீரில் கிடந்து கிடந்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, சோற்றைப் பிசைந்தால் எரியும். அதை விட்டு வேறு வேலைக்குப் போக வேண்டும், அதற்காகத்தான் சேர்ந்தேன். சேவை, தொண்டு என்றெல்லாம் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனார். எனக்கு அந்த எண்ணமெல்லாம் இல்லை. இருந்ததாகச் சொன்னால் அது பொய்.

காலையில் ராயபுரம் பக்கம் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் வார்டு வேலை பழக வேண்டும். பழகுவது என்று பெயர். உண்மையில் சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்கினார்கள். தரை துடைத்தோம், டாக்டருக்கு டீ வாங்கி வந்தோம், ஆயா வராத நாளில் ஆயா ஆனோம். நடுநடுவே யாராவது இரக்கப்பட்டால் பிரஷர் பார்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள். மூத்திரப் பையைக் கட்டிலை விடத் தாழ்வாக மாட்ட வேண்டும், சாப்பாடு கொடுக்கும்போது தலையை உயர்த்தி வைக்க வேண்டும், இப்படி ஒவ்வொன்றாகத் திட்டு வாங்கித்தான் தெரிந்துகொண்டேன்.

படுத்தபடியே கிடக்கிறவர்களுக்கு முதுகு பார்ப்பதுதான் எனக்கு முதலில் பிடிபட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். மாற்றும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். விரலை எடுத்ததும் அந்த இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் உள்ளே அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் ஒரு வாசனை வரும். ஒருதரம் மூக்கில் ஏறினால் மறக்காது.

நான் முதன்முதலில் குளிப்பாட்டிய ஆள் வண்ணாரப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்த ஒரு பாய். இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தார். நான் தண்ணீர் பேசினுடன் போய் நின்றதும் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஆம்பளைங்க யாரும் இல்லியா?"

"இல்ல பாய். நான்தான்."

கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. உன் அப்பா மாதிரி நெனச்சிக்கம்மா" என்றார்.

என் அப்பா மாதிரி நினைத்தால் அவரை நான் தொடவே முடியாது. அது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

டீச்சர் சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன். உடம்பு முழுக்கத் துணியால் மூடியிருக்க வேண்டும். கழுவுகிற இடத்தை மட்டும் திறக்க வேண்டும், கழுவி முடித்ததும் மூட வேண்டும். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் வாயால் சொல்ல வேண்டும். 'இப்ப கையைத் தூக்கப் போறேன். இப்ப திருப்பப் போறேன். இப்ப கீழே கழுவப் போறேன்.' சொல்லிவிட்டுத் தொடு. சொல்லாமல் தொட்டால் அது கழுவுவது இல்லை, கை வைப்பது என்பார் டீச்சர். பாய் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் "நல்லா இரும்மா" என்றார். அவ்வளவுதான். பெரிய மலையெல்லாம் ஒன்றும் புரட்டவில்லை.

வீட்டில்தான் மலை கிடந்தது.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு ஓட்டியவர். வாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு கொஞ்சம் குழறும், புத்தி தெளிவு. துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஒரே அறை வீடு. அதில் அவர், அம்மா, என் தம்பி. நான் கல்யாணமாகி அடுத்த தெருவில் இருக்கிறேன். அம்மா மீன் விற்கிறவள். கூடை தூக்கித் தூக்கித் தோள்பட்டை போய்விட்டது, அவரை அவளால் அசைக்க முடியாது. தம்பி லாஞ்சில் போகிறவன். கரையில் இருக்கும்போது அவன்தான் நைனாவுக்குக் குளிப்பாட்டுவான். லுங்கியை இழுத்து, இரண்டு சொம்பு ஊற்றி, துடைத்தும் துடைக்காமலும் விட்டுவிட்டுப் போவான். அவன் கடலில் இருக்கும் நாட்களில் குளியலே கிடையாது. அம்மா ஈரத்துணியால் முகமும் மார்பும் துடைப்பாள்.

வார்டில் அந்த வாசனை எனக்குத் தெரிந்துபோன வாரமே அதை எங்கள் வீட்டிலும் முகர்ந்தேன். அம்மா கருவாடு என்றாள். கருவாடு எனக்குத் தெரியாதா.

"நைனா, கொஞ்சம் திரும்பு. முதுகைப் பாக்கணும்" என்றேன்.

இடது கையால் லுங்கியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் இன்னும் பலம் இருந்தது. "போடி உன் வூட்டுக்கு."

"புண்ணு கீது நைனா. நாத்தம் வருது."

"பொட்டப் புள்ள அப்பனைத் துணி அவுத்துப் பாக்குமா? உன் கிளாஸுல அதான் சொல்லித் தராங்களா?"

அம்மாவும் அவர் பக்கம். "உடுடி. அவரு மானஸ்தரு. தம்பி வந்து பாப்பான்."

தம்பி கரைக்கு வந்ததும் சொன்னேன். வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டே பதில் சொன்னான். "நீ போயி ஊரான் ஆம்பளைங்களுக்குக் கழுவிகினு கீறியே, அத்தோட நிறுத்திக்க. நைனாவுக்கும் நீ கழுவறன்னு தெரிஞ்சா தெருவுல இன்னா பேசுவாங்க? புள்ள நான் கீறேன்ல?"

"நீ கீறியா? எப்போ?"

துண்டை உதறிவிட்டு உள்ளே போய்விட்டான்.

எங்கள் தெருவில் இது எழுதப்படாத சட்டம். ஆணுக்கு ஆண்தான் கழுவ வேண்டும், செத்தாலும் கூட. மகள் காலைத் தொடலாம், சோறு ஊட்டலாம், மூக்கு சிந்திவிடலாம். இடுப்புக்குக் கீழே அவளுக்கு அப்பனே கிடையாது. அந்தப் பொம்மை மாதிரிதான். இந்தச் சட்டத்தைப் போட்டவன் யாரும் படுக்கையில் கிடந்திருக்க மாட்டான். கிடந்திருந்தாலும் அவனுக்குக் கழுவ ஒரு பொண்டாட்டி இருந்திருப்பாள், அவளுக்குத் தோளும் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மத்தியானம் வார்டு முடிந்து வந்தேன். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் லாரிகள் நின்றுபோய் பஸ் நகரவில்லை. பாதி தூரம் நடந்தே வந்தேன். சந்துக்குள் நுழையும்போதே டீசல் அடித்தது. துறைமுகத்துப் பக்கம் டீசல் வாசனை புதிதில்லை. ஆனால் இது எங்கள் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

உள்ளே தம்பியும் அவன்கூட லாஞ்சில் போகிற தோஸ்தும். நைனாவைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பாட்டில் டீசல். நைனா தலையணையைக் கடித்துக்கொண்டு முனகினார்.

"இன்னாடா பண்றீங்க?"

"மருந்து கட்றோம்" என்றான் தம்பி. "கழுவறப்ப பாத்தேன். பெரிய புண்ணு, அக்கா. நீ சொன்னது கரெக்ட்டுதான்."

தோஸ்து என்னைச் சமாதானப்படுத்தினான். "யக்கா, பேஜாராவாத. போன வாட்டி வலை இழுக்கற வின்ச்சுக் கயிறு என் கைய அறுத்துச்சி. கடல்ல ஆஸ்பத்திரியா கீது? டீசல்ல துணிய நனைச்சிக் கட்டுனோம். பாரு, தையல் கூட கெடையாது." கையை நீட்டிக் காட்டினான். நன்றாகத்தான் ஆறியிருந்தது.

லாஞ்சில் அப்படித்தான். வலை அறுத்தாலும் மீன் முள் குத்தினாலும் டீசல். நைனாவே எத்தனை பேருக்குக் கட்டியிருப்பார். அதனால்தான் அவரும் கட்டவிட்டிருக்கிறார். மகள் பார்க்கக் கூடாது, டீசல் ஊற்றலாம்.

"உன் கை ஓடியாடி வேலை செய்யற கை" என்றேன். "இது நாள்கணக்கா நசுங்கி ரத்தம் ஓடாம செத்துப்போன தோலு. ரெண்டும் ஒண்ணாடா, கஸ்மாலம்?"

துணியை நான் எடுத்தேன். நைனாவின் கையைத் தோஸ்து பிடித்திருந்ததால் அவரால் லுங்கியைப் பிடிக்க முடியவில்லை. நான் முதன்முதலில் அந்தப் புண்ணைப் பார்த்தது அப்படித்தான், அவர் கையை இன்னொருவன் பிடித்திருக்கும்போது. உள்ளங்கை அகலத்துக்குக் குழி. சுற்றிலும் டீசல் பட்டு வெந்த தோல். கொஞ்ச நாள் முன்னால் வெறும் சிவப்பாக இருந்திருக்கும். திருப்பிப் படுக்க வைத்தாலே போயிருக்கும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பாட்டிலைத் தூக்கிச் சாக்கடையில் ஊற்றினேன்.

ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். "யார் இதுல எண்ணெய் ஊத்துனது?" என்று டாக்டர் கேட்டபோது தம்பி தரையைப் பார்த்தான். அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அவன் கெட்டவன் இல்லை. தெரிந்ததைச் செய்தான். அவனுக்குத் தெரிந்தது கடலில் செல்லும், கட்டிலில் செல்லாது.

அனுப்பும்போது தினமும் சலைன் போட்டுக் கழுவிக் கட்டு மாற்ற வேண்டும், மல்லாக்கப் படுக்கவே கூடாது, இன்னொரு தடவை சீழ் வைத்தால் ரத்தத்தில் ஏறிவிடும் என்றார்கள். தம்பி லாஞ்சுக்குக் கிளம்பிவிட்டான். போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பக்கம் மாற்றிப் படுக்க வைக்க அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் கீழ்விரிப்பைப் பிடித்து இழுக்கக் கற்றுக்கொடுத்தேன். அதற்கு நைனா ஒத்துக்கொண்டார். கட்டு மாற்ற அம்மா ஒரு தடவை முயன்றாள். புண்ணைப் பார்த்ததும் வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வார்டிலிருந்து நேரே வந்தேன். உடை மாற்றவில்லை. நீலக் கோட்டு, தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். வாசலில் என் நிழல் விழுந்ததும் நைனா தலையைத் திருப்பினார். நிறைய நேரம் பார்த்தார்.

"சிஸ்டரா? வாங்க" என்றார்.

அம்மா வாயைத் திறக்கப் போனாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். வாசலில் நிற்கிற பூனை கறுப்பா சாம்பலா என்று கட்டிலிலிருந்தே சொல்லுவார்.

"ஐயா, இடது பக்கமா திருப்பப் போறேன்" என்றேன். வார்டுக் குரல்.

லுங்கியில் இருந்த கை விலகியது. கழுவினேன், கட்டினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். போகும்போது "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றார். வெளியே வந்து மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தேன்.

அப்படியே தினமும் நடந்தது. சிஸ்டரிடம் நன்றாகப் பேசுவார். என்னிடம் பேசாததையெல்லாம் பேசுவார்.

"எனக்கு ஒரு பொண்ணு கீதும்மா" என்றார் ஒருநாள். "வாயி ஜாஸ்தி. கலீஜ் வேலைக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னா. லாஞ்சு ஓட்டுனவன் பொண்ணு, ஊரான் பீய வாரிகினு கீறா."

"நல்ல வேலைதான் ஐயா."

"உனக்கு நல்ல வேலை. உன் வூட்ல உன் நைனா ஒத்துகினாரா?"

"இல்ல."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. காலை மடக்கப் போறேன், வலிக்கும்."

அன்று வகுப்பில் வியாசர்பாடிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "யக்கா, உங்க நைனா செம ஆக்டிங்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, "ஆனா புண்ணு ஆறுதில்ல? விடு" என்றாள். ஆறிக்கொண்டுதான் இருந்தது. ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை வந்தது. அதைப் பார்க்கும்போது சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

மழை பெய்த ஒரு ஞாயிறு, துவைத்த கோட்டு காயவில்லை. அம்மா வீட்டுக் கொடியில் தொங்கியது. நைட்டியோடு போய் நின்றேன். கை உடனே லுங்கிக்குப் போய்விட்டது. "இன்னாமே, சோறு துன்னியா?" என்று என்னைக் கேட்டார், மகளை விசாரிக்கிற மாதிரி. கொடியிலிருந்து ஈரக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட மறுபடி உள்ளே வந்தேன்.

"வாங்க சிஸ்டர். வெளிய மழையா?"

அன்றைக்கு நான் கட்டின கட்டு கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்திருக்கும்.

பரீட்சை வந்தது. எனக்குக் கொடுத்த வேலை படுக்கைக் குளியல். வெளியிலிருந்து வந்த பெண்மணி பொம்மைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்றார். "சொல்லுவேன்" என்றேன். அவர் எதிர்பார்த்தது கை கழுவுவது. பிறகு கை கழுவுவேன் என்றேன். தேறிவிட்டேன். அந்த நர்சிங் ஹோமிலேயே வேலையும் கொடுத்தார்கள். அங்கே உடுப்பை அங்கேயே மாட்டி, அங்கேயே கழற்றி வைக்க வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது. பயிற்சிக் கோட்டை, தோளில் சின்னம் தைத்திருந்ததால், டயர் கடை மாடியில் திருப்பிக் கேட்டார்கள். துவைத்து மடித்துக் கொடுத்தேன்.

தெருமுனையில் தையல்காரர் இருக்கிறார். நீலத் துணி எங்கும் கிடைக்கும். ஒரு கோட்டு தைத்துக்கொண்டால் சிஸ்டர் வந்துகொண்டே இருப்பாள். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "ஒண்ணு தச்சிக்கடி. கெழவன் சந்தோசமா கெடக்கட்டும்."

எனக்குப் பிடிக்கவில்லை. நான் பிறந்த வீட்டுக்கு வேஷம் போட்டுக்கொண்டு எத்தனை காலம் போவது? ஆனால் புண் இன்னும் மூடவில்லை. நான் பிடிவாதம் பிடித்து, அவரும் பிடித்து, கட்டு மாறாமல் கிடந்தால் மறுபடி சீழ்தான். வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு போனேன்.

புடவையோடு போனேன். மாஸ்க் இல்லை. பேசினில் தண்ணீர், சலைன் பாட்டில், கட்டுத் துணி எல்லாம் எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். நைனா என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வாசலையும் பார்த்தார்.

"சிஸ்டர் வர்ல?"

"சிஸ்டரு இனிமே வராது நைனா. கோட்ட வாங்கிகினாங்க."

கை லுங்கியை இறுக்கியது. "அப்ப தம்பி வந்தா பாத்துக்கலாம். நீ போ."

"தம்பி கடல்ல கீறான். வர பத்து நாளாவும். அதுக்குள்ள புண்ணு அழுகிடும்."

"அழுகட்டும்."

நான் போகவில்லை. கத்தவும் இல்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். தரையில் உட்கார்ந்தேன். அம்மா அடுப்பங்கரையில் பாத்திரத்தை உருட்டாமல் நின்றாள். பேசினில் இருந்த சுடுதண்ணீர் ஆறியது. எழுந்து போய் வேறு தண்ணீர் சூடு பண்ணி வந்து மறுபடி உட்கார்ந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நைனா" என்றேன். ஐயா என்று சொல்லவில்லை, குரலையும் மாற்றவில்லை. "இப்ப உன்னை இடது பக்கமா திருப்பப் போறேன். துணி மூடித்தான் இருக்கும். புண்ணு இருக்கற எடத்தை மட்டும் தொறப்பேன். கழுவிட்டு மூடிடுவேன். உன் பொண்ணுதான் தொடறேன். சொல்லிட்டேன்."

பிறகு லுங்கியிலிருந்து கை வந்தது. தலைமாட்டைத் துழாவியது. நான் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன். துண்டைத் தேடியிருக்கிறார். எடுத்தார், ஒரு கையாலேயே விரித்தார், தன் முகத்தின் மேல் போட்டுக்கொண்டார்.

பிணத்துக்கு மூடுவது மாதிரி இருந்தது. இழுத்து எறிய வேண்டும் போல இருந்தது. இவ்வளவு நாள் நான் முகத்தை மூடினேன், இப்போது இவர் மூடுகிறார். இரண்டு பேரும் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு புண்ணைக் கழுவ இந்த வீட்டில் வழியில்லையா? ஆனால் கை லுங்கியில் இல்லை. திருப்பினேன். திறந்தேன். கழுவினேன். துண்டு அவர் மூச்சுக்கு மேலும் கீழும் அசைந்தது.

"வலிக்குதா நைனா?"

துண்டுக்குள்ளிருந்து, "பாத்துக் கட்டு. அந்தப் பொண்ணு இறுக்கிக் கட்டிட்டா ஒரு நாள்" என்றார்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. நான் பேசினோடு வந்தால் துண்டு ஏறுகிறது. முடித்துப் போர்த்திவிட்டுச் சொன்னால் இறங்குகிறது. அதற்கப்புறம்தான் சோறு, பேச்சு, சண்டை எல்லாம். புண் விரல்நுனி அளவுக்கு வந்துவிட்டது. அது முழுக்க மூடிய பிறகும் குளிப்பாட்ட ஆள் வேண்டும். துண்டைத் துவைத்துத் துவைத்துக் கொடியில் போடுகிறேன். அதைக் கிழித்துப்போட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். காய்ந்ததும் மடித்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கிறேன்.